ஸ்கேனுக்கு முன்னாடி தண்ணி குடிக்கச் சொல்றது ஏன், ஜெல் தடவுறது ஏன்? அல்ட்ராசவுண்ட் வேலை செய்வது இப்படித்தான்!

வயிற்று ஸ்கேனுக்குப் போனவர்களுக்கு இது பழகிய விஷயம். ஒருவரிடம் "வெறும் வயித்துல வாங்க" என்பார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க, யூரின் முட்டும்போது சொல்லுங்க" என்பார்கள். உள்ளே போய்ப் படுத்தால் சில்லென்று ஒரு ஜெல்லைத் தடவுவார்கள். கடைசியில் கைக்கு வருவது ஒரு சாம்பல் நிறப் படமும், பாதி புரியாத ஒரு ரிப்போர்ட்டும்.

ஏன் தண்ணீர், ஏன் பட்டினி, ஏன் ஜெல் என்று பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. வெளியே இருபது பேர் காத்திருக்கும் இடத்தில் அதற்கு நேரமும் இருக்காது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். அந்த மெஷின் உங்கள் உடம்புக்குள் எதையும் 'பார்ப்பதே' இல்லை. ஒலியை உள்ளே அனுப்பிவிட்டு, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. திரையில் தெரிவது போட்டோ இல்லை. அந்த நேரக் கணக்கை வைத்து மெஷின் போட்ட வரைபடம்.

இது பிடிபட்டால், ஸ்கேன் எதை அச்சுப்பிசகாமல் சொல்லும், எதைக் கோட்டைவிடும் என்பதும் பிடிபட்டுவிடும்.

எதிரொலிதான் அளவுகோல்

மலை அடிவாரத்தில் நின்று கைதட்டுகிறீர்கள். ஒரு நொடி கழித்து எதிரொலி கேட்கிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். போக அரை நொடி, வர அரை நொடி. அப்படியென்றால் மலை 170 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. டேப் வைத்து அளக்கத் தேவையில்லை.

ஸ்கேன் மெஷின் செய்வதும் இதே கணக்குதான். உடம்பின் மென்மையான பாகங்களில் ஒலி காற்றில் போவதைவிட வேகமாக, நொடிக்குச் சராசரியாக 1,540 மீட்டர் போகிறது. தோலில் இருந்து 1 செ.மீ. ஆழத்தில் ஏதாவது ஒன்றில் பட்டுத் திரும்ப 13 மைக்ரோ நொடி ஆகும். மைக்ரோ நொடி என்பது ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. எதிரொலி 13 மைக்ரோ நொடியில் வந்தால் 1 செ.மீ. ஆழத்தில் ஒரு புள்ளி வைக்கும். 130 மைக்ரோ நொடியில் வந்தால் 10 செ.மீ. ஆழத்தில் ஒரு புள்ளி. எதிரொலி பலமாக இருந்தால் புள்ளி வெள்ளை, மெலிதாக இருந்தால் சாம்பல், எதுவுமே வரவில்லை என்றால் கறுப்பு.

இப்படி ஒரு திசையில் ஒலியை அனுப்பினால் ஒரு கோடு கிடைக்கும். பக்கத்தில் இன்னொரு கோடு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. 15 செ.மீ. ஆழத்துக்கு 128 கோடுகள் போட்டு ஒரு படத்தை முடிக்கச் சுமார் 25 மில்லி நொடி போதும். அதாவது நொடிக்கு 40 படம். குழந்தை கையை ஆட்டுவது டி.வி.யில் பார்ப்பதுபோல 'லைவ்'வாகத் தெரிவதற்கு இந்த வேகம்தான் காரணம்.

இங்கே ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. 1,540 என்பது மெஷின் வைத்துக்கொண்ட ஒரு அனுமானம். கொழுப்பில் ஒலி அதைவிட மெதுவாக, சுமார் 1,450 மீட்டர் வேகத்தில் போகும். தசையில் கொஞ்சம் வேகமாகப் போகும். எலும்பில் 3,000 மீட்டருக்கும் மேல். ஒலி எதற்குள் புகுந்து வந்தது என்று மெஷினுக்குத் தெரியாது. எதிரொலி லேட்டாக வந்தால், பொருள் ஆழத்தில் இருக்கிறது என்றே எழுதிக்கொள்ளும். 5 செ.மீ. கனத்துக்குக் கொழுப்பு இருந்தால், அதற்குக் கீழே இருப்பது சுமார் 3 மி.மீ. கூடுதல் ஆழத்தில் தெரியும். பெரும்பாலும் இது பிரச்சினை இல்லை. ஆனாலும் படம் என்பது கணக்கு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஒரே பொருள், வாயும் காதும்

ஒலியை அனுப்புவதும் எதிரொலியைக் கேட்பதும், டாக்டர் கையில் பிடித்திருக்கும் 'புரோப்'தான். அதன் முனையில் வரிசையாகச் சின்னச் சின்னப் படிகத் துண்டுகள் இருக்கும். மின்சாரம் கொடுத்தால் அவை அதிரும். அதிர்வு வந்து மோதினால் மின்சாரம் கொடுக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்பதை 1880-ல் கண்டுபிடித்தவர்கள் பிரான்ஸைச் சேர்ந்த சகோதரர்களான ஜாக் கியூரியும் பியேர் கியூரியும். மேரி கியூரியின் கணவரான அதே பியேர்தான். கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை 'டிக்' என்று அழுத்தினால் தீப்பொறி வருகிறதே, பல லைட்டர்களில் இருப்பதும் இதே விஷயம்தான்.

புரோப் பேசும் நேரம் ரொம்பக் குறைவு. ஒரு மைக்ரோ நொடி அளவுக்கு ஒரு சின்ன 'துடிப்பு' கொடுத்துவிட்டு, அடுத்த 200 மைக்ரோ நொடிக்கு வாயை மூடிக்கொண்டு கேட்கும். பேச்சு ஒரு பங்கு என்றால் கேட்பது 200 பங்கு.

காற்றுதான் முதல் எதிரி

ஒலி எங்கே எதிரொலிக்கும்? ஒரு பொருளில் இருந்து வேறு மாதிரியான பொருளுக்குள் நுழையும் எல்லையில். இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு என்றால் கொஞ்சம் திரும்பும், மீதி உள்ளே போகும். கொழுப்புக்கும் தசைக்கும் நடுவில் நூற்றில் ஒரு பங்குதான் திரும்புகிறது. மீதி 99 பங்கு இன்னும் ஆழத்துக்குப் போவதால், கீழே இருக்கும் உறுப்பையும் பார்க்க முடிகிறது.

உடம்புக்கும் காற்றுக்கும் நடுவில் கதையே வேறு. அங்கே 99.9 சதவீதம் திரும்பிவிடும். உள்ளே போவதற்கு எதுவுமே மிஞ்சாது.

புரோப்பைத் தோலில் எவ்வளவு அழுத்தி வைத்தாலும் நடுவில் மெல்லிய காற்றுப்படலம் இருக்கும். அதை விரட்டத்தான் அந்த ஜெல். அதில் மருந்து எதுவும் கிடையாது, பெரும்பகுதி தண்ணீர்தான். ஜெல் காய்ந்துவிட்டால் படமும் மங்கும். அதனால்தான் நடுநடுவே இன்னும் கொஞ்சம் பிதுக்குகிறார்கள்.

தண்ணீர் குடிக்கச் சொல்வதும் காற்றை விரட்டத்தான். அடிவயிற்றில் கர்ப்பப்பைக்கு முன்னால் குடல் சுருண்டு கிடக்கிறது. குடலுக்குள் வாயு. வாயு இருந்தால் அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. சிறுநீர்ப்பை நிறைந்து புடைத்தால் குடலை மேலே தள்ளிவிடும். அதோடு, நிறைந்த சிறுநீர்ப்பை ஒலிக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் மாதிரி. தண்ணீருக்குள் ஒலி பெரிதாக இழப்பில்லாமல் போகும்.

பித்தப்பைக்குக் கதை தலைகீழ். சாப்பிடாமல் இருந்தால் பித்தநீர் சேர்ந்து பை உப்பலாக இருக்கும். சாப்பிட்டதும், முக்கியமாகக் கொழுப்பு உள்ளே போனதும், பித்தநீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிட்டுச் சுருங்கிவிடும். சுருங்கிய பைக்குள் கல் இருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா என்று பார்ப்பது கஷ்டம். "காபி மட்டும்தான் குடிச்சேன்" என்பவர்களைத் திருப்பி அனுப்புவது அதனால்தான். அது பால் காபி ஆயிற்றே.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் கணையம் பற்றிய வரியில், 'வாயு மறைப்பதால் முழுமையாகத் தெரியவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு. அந்த வரிக்கு 'கணையம் நார்மல்' என்று அர்த்தம் இல்லை. 'கணையத்தைப் பார்க்க முடியவில்லை' என்று அர்த்தம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மற்ற எல்லா உறுப்பும் நார்மல் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுபவர்கள் நிறைய.

எலும்பு இரண்டாவது எதிரி. ஒலியின் பெரும்பங்கை அது திருப்பியடிக்கும். உள்ளே நுழைவதையும் சீக்கிரமே விழுங்கிவிடும். அதனால் பெரியவர்களின் மூளையை இந்த ஸ்கேனில் சாதாரணமாகப் பார்க்க முடியாது. ஆனால் பச்சைக் குழந்தைக்குப் பார்க்கலாம். உச்சிக்குழி இன்னும் மூடாமல் இருப்பதால் அதன் வழியாகவே ஒலி உள்ளே போய்விடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று இன்குபேட்டர் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பது இந்த வழியில்தான்.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை ஏன் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதற்கும் இதுவே பதில். அது பனிக்குட நீரில் மிதக்கிறது. சுற்றிலும் தண்ணீர், நடுவில் குழந்தை. ஒலிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. பனிக்குட நீர் குறைந்துபோனால் படமும் தெளிவில்லாமல் போவதை டாக்டர்களே சொல்வார்கள்.

தைராய்டுக்கு ஒரு புரோப், வயிற்றுக்கு ஒரு புரோப்

மனிதக் காது நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அதற்கு மேலே போனால் அல்ட்ராசவுண்ட், அதாவது மீயொலி. மருத்துவ ஸ்கேனில் பயன்படுவது பெரும்பாலும் 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ். நொடிக்கு 20 லட்சம் முதல் ஒன்றரைக் கோடி அதிர்வு.

ஏன் இவ்வளவு? நாம் பேசும் குரலையே உள்ளே அனுப்பினால் என்ன? 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை, உடம்புக்குள் ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும். கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம். அந்த அலையை வைத்துக்கொண்டு 5 மி.மீ. கல்லைத் தேட முடியாது. மீன் வலையின் கண் மீனைவிடப் பெரிதாக இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். 3.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலை நீளம் 0.44 மி.மீ.; 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் 0.15 மி.மீ. வலைக்கண் சின்னதாக ஆக ஆக, படமும் நுணுக்கமாகும்.

அப்படியானால் எல்லோருக்கும் 15 மெகாஹெர்ட்ஸ் வைத்தே எடுத்துவிடலாமே? முடியாது. அதிர்வு கூடக் கூட உடம்பு ஒலியை வேகமாக விழுங்கும். தோராயமாக ஒவ்வொரு செ.மீ.க்கும், ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் அரை டெசிபல் இழப்பு. 15 செ.மீ. ஆழத்தில் இருக்கும் கல்லீரல் பகுதிக்கு 3.5 மெகாஹெர்ட்ஸில் ஒலி போய்த் திரும்பினால், இந்த இழப்பு மட்டுமே அதன் பலத்தைச் சுமார் 1.8 லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அதையும் மெஷின் பிடித்துப் பெரிதாக்கிவிடுகிறது. 10 மெகாஹெர்ட்ஸில் அதே தூரம் போனால் மிஞ்சுவது, ஒன்றுக்குப் பின்னால் 15 பூஜ்ஜியம் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு. அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தோலுக்கு அடியிலேயே இருக்கும் தைராய்டு, மார்பகம், கழுத்து ரத்தக்குழாய்க்கு அதிக அதிர்வு கொண்ட தட்டையான புரோப். வயிற்றுக்குக் குறைந்த அதிர்வு கொண்ட வளைந்த புரோப். ஸ்கேன் அறையில் டாக்டர் ஒன்றை மாட்டிவிட்டு இன்னொன்றை எடுப்பது இதற்காகத்தான்.

உடல் பருமனாக இருப்பவர்களுக்கு ஸ்கேன் படம் தெளிவாக வராததும் இந்தக் கணக்கால்தான். ஒலி பயணிக்கும் தூரமும் கூடுகிறது, கொழுப்பு ஒலியைச் சிதறவும் அடிக்கிறது. மெஷின் மட்டம் என்றோ டாக்டருக்குப் பொறுமை இல்லை என்றோ உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை.

பெண்கள் பலர் தயங்கும் டி.வி.எஸ். ஸ்கேன், அதாவது பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன், இங்கேதான் வருகிறது. வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பைக்குப் பல செ.மீ. தூரம். உள்வழியாகப் போனால் சில செ.மீ.தான். தூரம் குறைவு என்பதால் அதிக அதிர்வை வைக்கலாம். படம் பல மடங்கு தெளிவாகும். ஆறு வார அளவில் இதயத்துடிப்பு வந்துவிட்டதா, கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கிவிட்டதா என்று பார்ப்பதில் இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. குழாயில் தங்கிய கரு வெடித்தால் உள்ளுக்குள் ரத்தம் கொட்டும். இந்த ஸ்கேனுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியதில்லை. சிறுநீர் கழித்துவிட்டே வரச் சொல்வார்கள்.

நிழல்தான் சாட்சி

பித்தப்பையில் கல் இருந்தால் திரையில் ஒரு வெள்ளை வில் மாதிரி தெரியும். அதைவிட முக்கியம், அதற்குக் கீழே விழும் கறுப்பு நிழல். கல் ஒலியைத் தடுத்துவிட்டதால் பின்னால் எதிரொலியே இல்லை. மரத்துக்குப் பின்னால் வெயில் விழாத மாதிரி. டாக்டர் "ஒருக்களிச்சுப் படுங்க" என்பார். உடம்பு திரும்பும்போது வெள்ளைப் புள்ளி உருண்டால் பெரும்பாலும் கல். சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அது சதை வளர்ச்சியாக இருக்கலாம்.

நீர்க்கட்டிக்கு நேர்மாறு. உள்ளே தண்ணீர் என்பதால் நல்ல கறுப்பாகத் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் பகுதி மட்டும் சுற்றுப்புறத்தைவிடப் பளிச்சென்று இருக்கும். ஆழத்தில் இருந்து வரும் எதிரொலி மெலிதாக இருக்கும் என்பதால் மெஷின் அதை முன்கூட்டியே கூட்டிக் காட்டும்படி வைத்திருக்கிறார்கள். தண்ணீர்வழி வந்த ஒலி இளைக்கவே இல்லை. அதையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறது மெஷின். அதாவது மெஷின் போட்ட தப்புக் கணக்கு, 'இது தண்ணீர்தான், சதைக்கட்டி இல்லை' என்பதற்கு டாக்டருக்குச் சாட்சியாகிவிடுகிறது.

எதற்கெடுத்தாலும் காதில் விழும் 'ஃபேட்டி லிவர்' சமாச்சாரமும் இப்படித்தான். கொழுப்புத் துளிகள் நிறைந்த கல்லீரல் வழக்கத்தைவிட வெள்ளையாகத் தெரியும். பக்கத்தில் இருக்கும் வலது கிட்னியோடு ஒப்பிட்டு, கிரேடு 1, 2, 3 என்று போடுகிறார்கள். கண்ணால் பார்த்துப் போடும் மார்க் என்பதால், ஒரு சென்டரில் கிரேடு 1 என்றும் இன்னொரு சென்டரில் கிரேடு 2 என்றும் வருவதில் அதிசயம் இல்லை. ஒரே மாதத்தில் நோய் முற்றிவிட்டது என்று பதற வேண்டாம்.

இரும்புத் தொழிற்சாலையில் இருந்து ஆஸ்பத்திரிக்கு

இந்தக் கருவி மருத்துவமனைக்கு வந்த கதையும் சுவாரசியமானது. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க, பிரான்ஸின் பால் லாஞ்செவன் படிகத்தை வைத்து மீயொலி எதிரொலிக் கருவியை உருவாக்கினார். பிறகு தொழிற்சாலைகளில் இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க இதே முறை வந்தது.

1955-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த மகப்பேறு பேராசிரியர் இயன் டொனால்ட், பக்கத்தில் பாய்லர் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். கையில் ஆபரேஷனில் எடுத்த கட்டிகளும் நீர்க்கட்டிகளும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு மாட்டிறைச்சித் துண்டு. இரும்பில் விரிசல் தேடும் மெஷினை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார்கள். சதைக்கட்டியும் நீர்க்கட்டியும் வேறு வேறு எதிரொலி கொடுத்தன.

பிறகு ஜான் மெக்விகர், இன்ஜினியர் டாம் பிரவுன் ஆகியோருடன் சேர்ந்து செய்த ஆய்வு 1958-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. அவர்களிடம் வந்த ஒரு பெண்ணுக்கு, ஆபரேஷனே செய்ய முடியாத அளவுக்குப் புற்றுநோய் என்று கைவிரித்திருந்தார்கள். எதிரொலியோ உள்ளே இருப்பது தண்ணீர் என்றது. திறந்து பார்த்தால், சினைப்பையில் இருந்து வளர்ந்த பெரிய நீர்க்கட்டி. எடுத்துப் போட்டார்கள், அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

சிவப்பு என்றால் தமனியா?

டாப்ளர் ஸ்கேனில் சிவப்பும் நீலமும் மாறி மாறித் தெரியும். சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று நினைப்பவர்கள் பலர். அப்படி இல்லை. வழக்கமான செட்டிங்கில் புரோப்பை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போகும் ரத்தம் நீலம். புரோப்பைத் திருப்பிப் பிடித்தால் அதே குழாய் நிறம் மாறிவிடும்.

ஆம்புலன்ஸ் கிட்டே வரும்போது சைரன் கீச்சென்றும், தாண்டிப் போனதும் தணிந்தும் கேட்கிறதே, அதே விஷயம்தான். ஆஸ்திரியரான கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் சொன்னது. ஓடும் ரத்த அணுவில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வு கொஞ்சம் மாறும். எவ்வளவு மாறியது என்பதை வைத்து ரத்தத்தின் வேகத்தைக் கணக்குப் போடலாம்.

5 மெகாஹெர்ட்ஸ் ஒலி, நொடிக்கு 50 செ.மீ. வேகத்தில் நேராக வரும் ரத்தத்தில் பட்டால், மாற்றம் சுமார் 3,250 ஹெர்ட்ஸ். இது மனிதக் காதுக்கு நன்றாகக் கேட்கும் அளவு. அதை அப்படியே ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கர்ப்பிணியின் வயிற்றில் சின்ன மெஷினை வைத்ததும் குதிரை ஓடுவதுபோல 'டக் டக்' என்று கேட்கிறதே, அது குழந்தையின் இதயம் எழுப்பும் நேரடிச் சத்தம் இல்லை. இதயமும் ரத்தமும் அசையும் வேகத்தை மெஷின் சத்தமாக மாற்றிச் சொல்கிறது. கேட்டதும் கண்ணீர் வருவதில் மட்டும் மாற்றமில்லை.

டாப்ளருக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒலி குழாய்க்குச் செங்குத்தாகப் போனால், ரத்தம் கிட்டே வரவும் இல்லை, விலகவும் இல்லை என்று ஆகி, ஓட்டமே இல்லாத மாதிரி தெரியும். அதனால் டாக்டர் புரோப்பைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். வளர்ச்சி குறைந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது இந்த முறையில்தான். இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் கொடியில் ரத்தம் நின்று போகிறது என்றால் ஆபத்து. குழந்தையை எப்போது வெளியே எடுப்பது என்று முடிவெடுப்பதில் அந்தத் தகவலுக்குப் பெரிய பங்கு உண்டு.

மூன்று ஸ்கேன், மூன்று பிரசவத் தேதி

வீட்டில் குழப்பம் கிளப்பும் விஷயம் இது. முதல் ஸ்கேனில் ஒரு தேதி, ஐந்தாம் மாதத்தில் ஒரு தேதி, ஒன்பதாம் மாதத்தில் இன்னொரு தேதி. எதை நம்புவது?

முதல் ஸ்கேனைத்தான். தேதியை மெஷின் அளப்பதில்லை, நீளத்தைத்தான் அளக்கிறது. அந்த நீளம் எத்தனை வாரக் குழந்தைக்கு இருக்கும் என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறது. முதல் மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்வதால், தலை முதல் பிட்டம் வரையான நீளத்தை வைத்துச் சொல்லும் தேதி ஒரு வாரத்துக்குள்தான் முன்னே பின்னே இருக்கும். கடைசி மூன்று மாதத்தில் ஒல்லிக் குழந்தை, குண்டுக் குழந்தை என்று பிரிந்துவிடும். அப்போது தேதி மூன்று வாரம்வரை கூடத் தள்ளிப்போகலாம். முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எடையும் அப்படியே. தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் எண் அது. 10 முதல் 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருப்பது சகஜம். 3 கிலோ என்று சொன்ன குழந்தை 2.6 கிலோவோடு பிறந்தால் யாரும் பொய் சொல்லவில்லை. ஒலி போகும் திசையில் மெஷின் துல்லியமாக அளக்கும். பக்கவாட்டில் ஒலிக்கற்றை விரிந்துவிடுவதால் விளிம்பு கொஞ்சம் மங்கும். அளவுப் புள்ளியை விளிம்பில் எங்கே வைக்கிறார் என்பது டாக்டருக்கு டாக்டர் ஒரு நூல் மாறும்.

"அடிக்கடி எடுத்தா குழந்தைக்கு ரேடியேஷன் ஆகாதா?"

இதில் எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேன் மாதிரியான கதிர்வீச்சு கிடையாது. வெறும் அதிர்வு. ஆனால் ஒலி விழுங்கப்பட்டால் அது கொஞ்சம் சூடாகத்தான் மாறும். அதனால் மெஷின் திரையின் ஓரத்திலேயே டி.ஐ., எம்.ஐ. என்று இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். முதலாவது சூடு எவ்வளவு ஏறலாம் என்பதற்கு, இரண்டாவது அழுத்த அதிர்ச்சி எவ்வளவு என்பதற்கு. பரிசோதனைக்காகப் பயன்படுத்தும் அளவில் குழந்தைக்குப் பாதிப்பு ஏற்படும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அதற்காக வேடிக்கை பார்க்க மணிக்கணக்கில் வைக்கும் பொருளும் இல்லை. டாப்ளரில் ஒரே இடத்தில் அதிக சக்தி விழும் என்பதால், முதல் மூன்று மாதத்தில் அவசியம் இல்லாமல் அதைப் போடுவதில்லை. ஆரம்ப மாதத்தில் "ஹார்ட் பீட் சத்தம் கேக்கணும்" என்று கேட்டால், டாக்டர் திரையில் கோடாக மட்டும் காட்டிவிட்டு நகர்வது அதனால்தான்.

கர்ப்பிணிகளிடம் ஸ்கேனுக்கு முன்னால் 'ஃபார்ம் எஃப்' என்று ஒரு படிவம் எழுதி வாங்குவார்கள். பனிக்குட நீருக்குள் குழந்தை தெளிவாகத் தெரிகிறது என்ற அதே வசதியைப் பெண் சிசுக்களைக் கருவிலேயே அழிக்கப் பயன்படுத்தியதால் வந்த கட்டுப்பாடு இது. 1994-ல் கொண்டுவந்த சட்டப்படி, கருவின் பாலினத்தைச் சொல்லும் டாக்டருக்கு முதல் முறை 3 ஆண்டுவரை சிறையும் 10,000 ரூபாய்வரை அபராதமும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ள முயல்பவர்களுக்கு 3 ஆண்டுவரை சிறை, 50,000 ரூபாய்வரை அபராதம். மெஷினையே அரசிடம் பதிவு செய்த பிறகுதான் பயன்படுத்த முடியும்.

ரிப்போர்ட்டின் கடைசி வரி

பல ரிப்போர்ட்டுகளின் அடியில் 'கிளினிக்கலி கோரிலேட்' என்று ஒரு வரி இருக்கும். சம்பிரதாயத்துக்குப் போட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. நோயாளியின் வலி, பரிசோதனை, ரத்த ரிசல்ட் எல்லாவற்றோடும் இந்தப் படத்தைப் பொருத்திப் பார்க்கவும் என்று, சிகிச்சை தரும் டாக்டருக்கு ஸ்கேன் டாக்டர் எழுதும் குறிப்பு அது.

விலாவில் ஆரம்பித்துத் தொடை இடுக்குவரை சுருட்டிச் சுருட்டி வலிக்கிறது, ஸ்கேனில் கல் எதுவும் இல்லை என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிட்னியில் கல் இருந்தால் நன்றாகத் தெரியும். ஆனால் அது கிட்னியில் இருந்து நழுவி, சிறுநீர்ப்பைக்குப் போகும் மெல்லிய குழாயின் நடுவில் மாட்டிக்கொண்டால், முன்னால் முழுக்கக் குடல், குடலுக்குள் வாயு. கல்லைப் பார்க்கவே முடியாமல் போகலாம். கிட்னி லேசாக வீங்கியிருக்கிறது என்ற ஒரு வரி மட்டும் ரிப்போர்ட்டில் இருக்கும். அடைப்பு ஏற்பட்டு முதல் சில மணி நேரத்தில் அந்த வீக்கம்கூடத் தெரியாமல் போகலாம். அந்த ரிப்போர்ட்டோடு வீட்டுக்குத் திரும்பிவிடாமல் டாக்டரிடம் காட்டினால், அவர் அடுத்ததாக எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் சி.டி. ஸ்கேன். வாயு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.